26 அங்குல ட்ரயல்ஸ் சைக்கிள்: பின்பிரேக் வழுக்குது, செயின் துள்ளுது. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

#1 முன்சக்கரம்26

எல்லாருக்கும் வணக்கம். கைமாறி வந்த ஸ்டாக் (26 அங்குலச் சக்கர) ட்ரயல்ஸ் வண்டி, கால் ஊன்றாம கல், பாறை மேல தாவி ஏறுற வகை. விவரம்:

பின்பிரேக் மகுரா எச்எஸ்33 (ஹைட்ராலிக் ரிம் பிரேக்), சட்டகத்துல நாலு போல்ட் மவுன்ட். ரிம் கிரைண்ட் பண்ணினதுதான் (பிடிப்புக்காகச் சொரசொரப்பாக் கோடு போட்டது), ஆனா கோடெல்லாம் தேய்ஞ்சு பளபளன்னு ஆயிடுச்சு. முன்னால 160 மி.மீ. டிஸ்க், ஹைட்ராலிக், டாட் 5.1 எண்ணெய். ஐசிஸ் கிராங்க் (அச்சு முனையில பல்வரிசை இருக்கிற வகை), அதுலயே 18 பல் ஃப்ரீவீல் (ஒரு திசையில மட்டும் பிடிக்கிற பல்சக்கரம்). பின்னால ஃப்ரீவீல் இல்லாத ஃபிக்ஸட் ஹப், 15 பல். டிராப்அவுட் (பின்அச்சு உட்கார்ற பிளவு) படுக்கை வசம், நத்தை கேம் (திருப்பினா அச்சைப் பின்னால தள்ளிச் செயினை இறுக்குற நத்தை வடிவத் தகடு).

பிரச்சினை மூணு:

1. பின்சக்கரத்துல நிக்கும்போது பிரேக் பிடிக்குது, ஒரு செகண்ட் கழிச்சு மெதுவா வழுக்குது.
2. லீவர் பஞ்சு மாதிரி அமுங்குது.
3. பெடல் கிக் (தாவுறதுக்காகப் பெடலை ஒரே உதையா உதைக்கிறது) கொடுக்கிறப்ப சில நேரம் 'டக்'னு ஒரு துள்ளல். எப்பவும் இல்ல, பத்துக்கு ஒரு தடவை.

எதை முதல்ல பார்க்கறது?

#2 கல்லேறி

மூணாவதை முதல்ல பாருங்க தம்பி. அது தீர்ற வரைக்கும் வண்டியில ஏறாதீங்க. பிரேக் வழுக்கினா பெரும்பாலும் பின்பக்கமா குதிச்சுத் தப்பிக்கலாம். கிக் நடுவுல துள்ளினா அப்படி இல்ல. மொத்த எடையும் ஒரு பெடல்ல இருக்கிற நேரத்துல கால் கீழே வெற்றிடத்துல போகும், நெஞ்சு ஹேண்டில்பார் மேல விழும், முழங்கால் ஸ்டெம்முல அடிக்கும். இந்த விளையாட்டுல பல்லு போறது பெரும்பாலும் இப்படித்தான்.

எங்க துள்ளுதுன்னு ஊகம் பண்ணிப் பொருள் வாங்காதீங்க. ஒரு பெயின்ட் மார்க்கர் போதும். நாலு இடத்துல குறுக்கே கோடு போடுங்க:

– கிராங்க் கையும் ஃப்ரீவீலோட உள்வளையமும் சேர்ற இடம்
– முன்பல்லும் அதுமேல உட்கார்ந்திருக்கிற செயின் தகடும்
– பின் ஸ்ப்ராக்கெட்டும் ஹப் உடம்பும்
– அச்சும் டிராப்அவுட்டும், ரெண்டு பக்கமும்

முன்சக்கரத்தைச் சுவர்ல முட்டி, முன்பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, வலது பெடலைப் படுக்கை நிலைக்குக் கொண்டுவந்து முழு எடையையும் போட்டு அமுக்குங்க. இருபது முப்பது தடவை, ரெண்டு காலாலயும் மாத்தி மாத்தி. வண்டி முன்னால போக இடம் இல்லாததால டிரைவ்ல முழு விசையும் ஏறும். அப்புறம் டார்ச் அடிச்சுக் கோடுகளைப் பாருங்க.

முதல் கோடு நகர்ந்திருந்தா ஃப்ரீவீல் மரையில முழுசா இறங்கி உட்காரலைன்னு அர்த்தம். அமுக்க அமுக்க இறுகி ஒரு இடத்துல நின்னுடணும். நிக்காம நகர்ந்துக்கிட்டே இருந்தா மரை போச்சு. ரெண்டாவது நகர்ந்தா செயினும் பல்லும் தேய்ஞ்சது. மூணாவது நகர்ந்தா பின்ஹப் மரை. நாலாவது நகர்ந்தா அச்சு முன்னால இழுபடுது. எதுவுமே நகராம 'டக்' மட்டும் கேட்டா ஃப்ரீவீலுக்குள்ள இருக்கிற கொக்கி சரியா விழலை. கடைசிக் கேஸ்தான் எல்லாத்தையும் விட ஆபத்து, ஏன்னா வெளியே ஒரு அடையாளமும் இருக்காது.

#3 நத்தைகேம்

கல்லேறி சொன்ன சோதனையோடு ஒரு கணக்கையும் பார்த்துவிடுவோம். ட்ரயல்ஸ் டிரைவ் ஏன் சாதாரண சைக்கிளைப் போல இல்லை என்பது அதில் தெரியும்.

செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 18 பல் சக்கரத்தின் ஆரம் 18 × 12.7 ÷ 6.28 = சுமார் 36.4 மி.மீ. கிராங்க் 170 மி.மீ. என்றால் பெடலில் வைக்கும் விசை செயினில் 4.7 மடங்காகிறது. 70 கிலோ ஆள் பெடலில் அசையாமல் நின்றாலே 687 நியூட்டன். செயினில் 3200 நியூட்டன், 325 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. கிக் என்பது நிற்பதல்ல, உதைப்பது. ஹேண்டில்பாரைக் கையால் இழுத்துக்கொண்டு உதைக்கும்போது பெடலுக்கு உடல் எடையைவிட அதிகம் போகிறது. சைக்கிள் செயினுக்கு எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச வலிமை 8000 நியூட்டன் அளவில்தான். ஊர் சுற்றும் சைக்கிளில் இந்த இடைவெளி மிகத் தாராளம். இங்கே அவ்வளவு தாராளம் இல்லை. தேய்ந்த செயினையும் அரைகுறையாகச் சேர்த்த இணைப்பையும் ட்ரயல்ஸ் மன்னிக்காததற்கு இதுதான் காரணம்.

தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. செயினைக் கழற்றி, விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு முளையின் நடுவிலிருந்து எண்ணி 24 கண்ணி தள்ளி இருக்கும் முளையின் நடுவரை இரும்பு ஸ்கேலால் அளவுங்கள். புதுசில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3 வந்துவிட்டால் அரை சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். கியர் சைக்கிளில் 0.75 சதவீதம் வரை ஓட்டுவார்கள். அதை இங்கே பின்பற்ற வேண்டாம்.

#4 முன்சக்கரம்26

சோதனை முடிவு: கோடு 1, 3 நகரலை. கோடு 2 நகரலை. கோடு 4 வலது பக்கம் மட்டும் ஒன்றரை மி.மீ. முன்னால வந்திருக்கு. செயின் 24 கண்ணிக்கு 307. இது தவிர ரெண்டு தடவை 'டக்' கேட்டுச்சு, அப்ப எந்தக் கோடும் நகரலை.

#5 நத்தைகேம்

அப்படியானால் உங்களிடம் இரண்டு கோளாறு இருக்கிறது. அச்சு இழுபடுவதை நான் சொல்கிறேன். ஃப்ரீவீலைக் கல்லேறி பார்த்துக்கொள்ளட்டும்.

செயின் வலது பக்கம் இருப்பதால் அச்சின் வலது முனைதான் எப்போதும் முன்னால் வரப் பார்க்கும். நத்தை கேம் அதைத் தடுக்க வேண்டும். தடுக்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். கேமின் வளைவு சட்டகத்தில் இருக்கும் முளையில் முட்டாமல் இடைவெளியோடு இருக்கிறது. அல்லது டிராப்அவுட் முகத்தில் பெயின்டோ கிரீஸோ இருந்து அச்சு போல்ட்டின் பிடிப்பு போய்விட்டது. அல்லது முளையே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. முதல் இரண்டும்தான் அடிக்கடி பார்ப்பது.

செயினை மாற்றும்போதே சேர்த்துச் செய்யுங்கள்:

முதலில் டிராப்அவுட்டின் உள்முகம், வெளிமுகம் இரண்டையும் வெறும் உலோகம் தெரியும்வரை துடையுங்கள். போல்ட்டின் மரையில் மட்டும் கிரீஸ். முகத்தில் ஒரு பொட்டுகூடக் கூடாது. சக்கரத்தை மாட்டி, போல்ட்டை விரலால் இறுக்கும் அளவு மட்டும் வைத்து, இரண்டு கேமையும் ஒரே எண்ணிக்கைக்குத் திருப்புங்கள். வலது ஆறாவது பள்ளம் என்றால் இடதும் ஆறு. சில சட்டகங்கள் நேராக இருக்காது, அப்போது ஒரு பள்ளம் வித்தியாசம் வரும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்: ரிம் இரண்டு செயின்ஸ்டேக்கும் (கிராங்க் பக்கமிருந்து பின்அச்சுக்குப் போகும் குழாய்கள்) நடுவில் வர வேண்டும். கேம் முளையில் முட்டியபடி இருக்கும்போதே வலதை முதலில் இறுக்குங்கள், பிறகு இடது, மறுபடி வலது.

தொய்வு: செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்தம் 5 முதல் 8 மி.மீ. வரலாம். ஆனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஃப்ரீவீலும் ஸ்ப்ராக்கெட்டும் முழு வட்டமாக ஒருபோதும் இருக்காது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் செயின் விறைக்கும், ஓரிடத்தில் தொங்கும். விறைக்கும் இடத்தில் 5 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். அங்கே ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஐசிஸ் பேரிங்கை நசுக்குகிறீர்கள். ஐசிஸில் அச்சு தடிமன், அதனால் பேரிங் குண்டுகள் சிறியவை; அந்தச் சுமையை நெடுநாள் தாங்காது.

கேம் கடைசிப் பள்ளத்துக்கு வந்தும் செயின் தொங்குகிறது, ஒரு கண்ணி ஜோடியை எடுத்தால் எட்டவில்லை என்றால் அரைக் கண்ணி போடுங்கள். அது செயின் நீளத்தை 12.7 மி.மீ. மாற்றும், அச்சு 6.35 மி.மீ. நகரும்.

இணைப்பைப் பற்றி எனக்கு மாறாத கருத்து ஒன்று உண்டு: கிளிப் போட்ட இணைப்புக் கண்ணி வேண்டாம். கல்லில் உரசினால் கிளிப் தெறித்துவிடும். முளையை அமுக்கிச் சேருங்கள். இரண்டு பக்கமும் முளை தகட்டை விட ஒரே அளவு, ஒரு தடித்த தாளின் கனத்துக்கு, வெளியே நிற்க வேண்டும். அறுந்த செயின்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரு முளையில்தான் அறுந்திருக்கும். சேர்த்த கண்ணி விறைப்பாக இருந்தால் பக்கவாட்டில் மெல்ல வளைத்து இளக்குங்கள்.

செயின் 307 என்பதால் பின் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுவதே சரி. பழைய பல்லின் மேல் புதுச் செயின் ஏறினால் கண்ணி பல்லின் அடியில் உட்காராமல் சரிவில் நிற்கும். இப்போது இல்லாத துள்ளல் புதிதாக வரும்.

#6 கல்லேறி

இப்ப ஃப்ரீவீல்.

முன்னால ஃப்ரீவீல் வைக்கிறதுக்குக் காரணம் பலருக்குத் தெரியாது. சின்ன வண்டியில, அதாவது 20 அங்குலத்துல, 18க்கு 12 (முன்னால 18 பல், பின்னால 12) ஓட்டுறோம். அந்த 12 பல்லுக்குள்ள ஹப் மரையும் கொக்கியும் அது விழற ராட்செட் பல்லும் வைக்க இடமே கிடையாது. பின்னால 18 பல் ஃப்ரீவீல் போட்டா அதே விகிதத்துக்கு முன்னால 27 வேணும், அது கல்லுல இடிக்கும். அதனாலதான் ஃப்ரீவீல் கிராங்குக்கு வந்துச்சு. 26லயும் அதே பழக்கம்.

இதுக்கு ஒரு விலை இருக்கு. ஃப்ரீவீல் மேல விழற முறுக்கு பின்னால இருக்கிறதை விட முன்னால அதிகம், உங்க 18க்கு 15ல 1.2 மடங்கு. கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் அவ்வளவு வேலை.

அப்புறம் விரல் விஷயம். எல்லாரும் கவனமாப் படிங்க. ஃபிக்ஸட் ஹப்ல சக்கரம் சுத்தினா செயினும் சுத்தும், கிராங்க் சும்மா நிக்கும். சாதா சைக்கிள்ல பின்சக்கரத்தைச் சுத்திவிட்டா செயின் அசையாது, அந்தப் பழக்கத்துல துணியைச் செயின்ல சுத்திப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தைத் தள்ளிவிடுவாங்க. இந்த வண்டியில துணியோட விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள போகும், சக்கரத்தோட வேகம் தானா நிக்காது. செயினைத் துடைக்கிறப்ப சக்கரத்தைக் கையால கொஞ்சம் கொஞ்சமா மட்டும் உருட்டுங்க, அல்லது செயினைக் கழற்றி வெச்சுத் துடைங்க.

'டக்'குக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூணுதான்: கெட்டியான கிரீஸ், துரு, உடைஞ்ச ஸ்பிரிங். யாராவது ஃப்ரீவீலுக்குள்ள வீல் பேரிங் கிரீஸைத் திணிச்சிருப்பாங்க. கொக்கி அதுல ஒட்டிக்கிட்டு எழும்பாம நிக்கும். நாலு கொக்கியில ஒன்னு மட்டும் நுனியில பிடிக்கும், எடை ஏறினதும் நழுவும், அடுத்த பல்லுல விழும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது.

கிராங்கைக் கழற்றணும். ஃப்ரீவீல் கிராங்க் கையோட உள்பக்கத்துல இருந்து மாட்டினது, வெளியிலிருந்து எடுக்க வழியில்ல. கழற்றினதும் காதுக்கிட்ட வெச்சு மெதுவாச் சுத்துங்க. கிளிக் சத்தம் ஒரே சீரா, கூர்மையா வரணும். சில இடத்துல மங்கிப் போனா அங்க கொக்கி மந்தமா இருக்கு.

முதல் வைத்தியம்: மூடிக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில மண்ணெண்ணெய் விட்டுச் சுத்துங்க, கறுப்புத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. ராத்திரி முழுக்கச் சாய்ச்சு வெச்சு வடியவிட்டு, காலையில மெல்லிசான எண்ணெய் ஏழெட்டுச் சொட்டு. அதுக்கப்புறமும் சத்தம் மங்கலா இருந்தா திறக்கணும். பேரிங் குண்டு தனித்தனியா இருக்கிற வகைன்னா மூடி இடது மரை. கடிகார முள் திசையில திருப்பினாத்தான் கழலும். தட்டு மேல வெள்ளைத் துணி விரிச்சுட்டுத் திறங்க, பொடிப்பொடிக் குண்டு பல டஜன் கொட்டும். கொக்கியோட நுனி கத்தி மாதிரி நேரா இருக்கணும். உருண்டு வழவழன்னு இருந்தா எந்த எண்ணெயும் உதவாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. சீல் பேரிங் போட்ட வகைகளில் வளையக் கிளிப்பை எடுத்தா உள்ளே போயிடலாம், கொக்கியும் ஸ்பிரிங்கும் மட்டும் தனியா மாத்த முடியும். அந்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கிறது வீண் இல்ல.

திரும்ப மாட்டும்போது ஃப்ரீவீல் மரையில கிரீஸோ ஆன்டி சீஸோ (மரை ஒட்டிக்காம இருக்கப் பூசற பசை) கட்டாயம் போடுங்க. ஒவ்வொரு கிக்கும் அதை இன்னும் இறுக்கும். காஞ்ச மரைன்னா அடுத்த தடவை வைஸ்ல பூட்டி ஒரு மீட்டர் பைப் போட்டாலும் கழலாது. கிராங்க் போல்ட் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். முதல் ரெண்டு ஓட்டத்துக்கு அப்புறம் மறுபடி டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க, ஐசிஸ் கொஞ்சம் இறங்கி உட்காரும்.

#7 சறுக்குப்பாறை

இடையில் ஒரு கேள்வி. கிளிக் எண்ணிக்கை (ஒரு சுற்றில் கொக்கி பிடிக்கும் இடங்கள்) அதிகமான ஃப்ரீவீலுக்கு மாறுவதில் உண்மையில் பயன் உண்டா? 72க்கும் 108க்கும் வித்தியாசம் காலுக்குத் தெரியுமா?

#8 நத்தைகேம்

72 என்றால் கிராங்க் 5 டிகிரி நகர்ந்தபின் பிடிக்கும். 108 என்றால் 3.3 டிகிரி. 170 மி.மீ. கிராங்கில் பெடல் முனையில் முறையே 15 மி.மீ., 10 மி.மீ. இதுவே அதிகபட்ச காலியோட்டம். 36 கிளிக்கிலிருந்து 72க்கு வந்தால் 30 மி.மீ. 15 ஆகிறது, அது நிச்சயம் தெரியும். 72லிருந்து 108க்கு வருவது, பின்சக்கரத்தில் நின்று சின்னச் சின்னக் கிக்காகக் கொடுக்கும்போது தெரியும். மற்றபடி பெரிதாக இல்லை. பல் நெருங்க நெருங்க ஒவ்வொரு பல்லும் சிறிதாகிறது, அழுக்கும் கெட்டி எண்ணெயும் இன்னும் எளிதாகக் கெடுத்துவிடும். பராமரிக்க நேரமில்லாதவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள 72 போதும்.

22க்கு 18 பற்றியும் யாராவது கேட்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விகிதம் 18க்கு 15 போலத்தான், 1.22. செயினில் விசை 18 சதவீதம் குறைகிறது, பல்லும் செயினும் நீடிக்கும். ஆனால் முன்பல்சக்கரத்தின் ஆரம் 8 மி.மீ. கூடும், பாஷ் ரிங்கும் (பல்சக்கரத்தைக் கல்லிலிருந்து காக்கும் வளையம்) அதற்கேற்பப் பெரிதாகும். கல் விளிம்பில் அடிவயிறு இடிக்கும் உயரத்தில் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த 8 மி.மீ. பெரிது.

#9 எண்ணெய்த்துளி

பிரேக்குக்கு வருவோம். "பஞ்சு மாதிரி" என்றதும் எல்லோரும் எண்ணெய் மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். காற்று ஒரு காரணம் மட்டுமே. முதலில் இரண்டு சோதனை.

ஒன்று: ஒருவர் லீவரை முழு பலத்தோடு அமுக்கட்டும், நீங்கள் பின்னாலிருந்து சீட்ஸ்டேயை (சீட்டுக்கு அடியிலிருந்து பின்அச்சுக்கு வரும் இரண்டு குழாய்) பாருங்கள். இரண்டு குழாயும் வெளிப்பக்கம் விரிகிறதா? விரிந்தால் லீவரின் பயணம் அங்கேதான் வீணாகிறது. குதிரை லாட வடிவ பூஸ்டர் தகடு இல்லையென்றால் போடுங்கள், இருந்தால் அதன் போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்படியே பிரேக் கட்டையையும் பாருங்கள். முன்முனை முதலில் தொட்டு, பிறகு மொத்தக் கட்டையும் திரும்பி உட்கார்ந்தால் அதுவும் கையில் பஞ்சாகத்தான் தெரியும்.

இரண்டு: லீவரை முழுதாக இழுத்து ஹேண்டில்பாரோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். லீவர் இன்னும் உள்ளே போய், பட்டை தளர்ந்தால் எங்கோ கசிவு. குழாய் இணைப்பு நட், சிலிண்டரின் பிஸ்டன் ஓரம், லீவர் பிஸ்டன், இந்த மூன்று இடத்திலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். லீவர் அசையாமல் நின்று, சக்கரத்தை உருட்டினால் வழுக்கினால் ஹைட்ராலிக்கில் குற்றமில்லை, ரிம்மும் கட்டையும்தான். உங்கள் முதல் பிரச்சினை எது என்று இந்தச் சோதனை பிரித்துக் காட்டிவிடும்.

காற்று எடுப்பது:

கட்டைகளைக் கழற்றி, பிஸ்டன்களை முழுதாக உள்ளே தள்ளி, வெளியே வராமல் ஒரு மரத்துண்டு வைத்துத் தடுங்கள். லீவரில் கட்டையை நெருக்கும் சிவப்புத் திருகு இருந்தால் அதை முழுவதும் வெளியே திருப்பிவிடுங்கள். பாதியில் விட்டுச் செய்தால் பிறகு கட்டை தேயும்போது சரிசெய்ய இடமிருக்காது. லீவரைச் சுற்றி, எண்ணெய்த் துளை மற்ற எல்லாவற்றையும் விட உயரத்தில் வரும்படி வையுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். துளையைவிட உயரமான மூலை ஒன்று உள்ளே இருந்தால் அங்கே ஒரு குமிழி ஒளிந்துகொள்ளும், எத்தனை சிரிஞ்ச் தள்ளினாலும் வராது.

20 மி.லி. சிரிஞ்சில் மகுராவின் நீல மினரல் எண்ணெயை நிரப்பி, குழாயில் குமிழி இல்லாமல் கீழே சிலிண்டரின் துளையில் மாட்டுங்கள். மேலே லீவரில் இன்னொரு சிரிஞ்ச், பிஸ்டன் தண்டு இல்லாமல், கிண்ணம் போல. கீழிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் வளைந்த குழாயை ஸ்பேனர் பிடியால் தட்டிக்கொண்டே இருங்கள், காற்று அதிகம் தங்குவது அங்கேதான். மேலே குமிழி நின்றபின் லீவரைச் சட்டென்று நாலைந்து தடவை விட்டுப் பிடியுங்கள், இன்னும் இரண்டு மூன்று குமிழி வரும். முடிக்கும்போது மேல் சிரிஞ்சில் எண்ணெய் இருக்கும்போதே கீழ்த்துளையை மூடுங்கள். எண்ணெய் கீழே சொட்டிக்கொண்டிருப்பதால் காற்று உள்ளே நுழையாது. பிறகு மேலே மூடுங்கள். குழாயை வெட்டிப் புது ஆலிவ் (குழாய் முனையை அடைக்கும் சிறு உலோக வளையம்) போட்டிருந்தால் இணைப்பு நட் 8 மி.மீ. ஸ்பேனரில் 4 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் போனால் ஆலிவ் நசுங்கி, இன்று கசியாதது அடுத்த மாதம் கசியும்.

உங்கள் முன்பிரேக் டாட் 5.1, பின்பிரேக் மினரல். சிரிஞ்ச், குழாய், துணி எல்லாம் இரண்டுக்கும் தனித்தனி. ஒன்றின் எண்ணெய் மற்றதில் போனால் சீல் ஊதி, பிஸ்டன் சிக்கி, பிரேக்கே போய்விடும்.

#10 கல்லேறி

தண்ணி ஊத்துறதைப் பத்தி நீங்க சொல்லலையே. வாளித் தண்ணியில மொத்த பிரேக்கையும் முக்கி, உள்ளேயே லீவரை அடிச்சுக் காத்தெடுக்கிற முறை. லீவர் திரும்பி வர்ற வேகமே தனி.

#11 எண்ணெய்த்துளி

வேகம் உண்மைதான். எண்ணெயை விடத் தண்ணீருக்குப் பிசுபிசுப்பு குறைவு, மெல்லிய குழாயில் எதிர்ப்பு குறைவு, கட்டை சட்டென்று விலகும். எச்எஸ்33 மெதுவாகச் சூடாகும் பிரேக் என்பதால் கொதிக்கும் பயமும் இல்லை. ஆனால் வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், சீலுக்கு வழவழப்பு தராது, குளிர் நாட்டில் உறைந்து சிலிண்டரைப் பிளக்கும். செய்பவர்கள் காருக்கு ஊற்றும் கூலன்ட் கலந்து ஊற்றுகிறார்கள், அது மூன்றையும் ஓரளவு தடுக்கும். நிறுவனம் ஏற்காத முறை. போட்டிக்குப் போகிறவர், மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறவர் என்றால் செய்யலாம். முன்சக்கரம்26க்கு இப்போது வேண்டாம் என்பது என் முடிவு. முதலில் எண்ணெயில் சரியாக நிற்கட்டும்.

#12 டிஸ்க்பக்கம்

இவ்வளவு பாடுபடுவதற்குப் பின்னாலும் டிஸ்க் போட்டுவிடலாமே? ரிம் கோணினாலும் வேலை செய்யும், கிரைண்டர் வேண்டாம், மழையிலும் பிடிக்கும்.

#13 கல்லேறி

போடலாம், நிறையப் பேர் போடுறாங்க. ஆனா வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போடணும். 26 அங்குல ரிம்மோட ஆரம் 280 மி.மீ. 160 டிஸ்க்ல கட்டை பிடிக்கிறது 72 மி.மீ. ஆரத்துல. அதே பிடிப்புக்கு டிஸ்க் கட்டையில நாலு மடங்கு உராய்வு வேணும். அந்த விசை முழுக்க ஹப், ஸ்போக், டயர் வழியாப் போகும், வழியில எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் முறுக்கும். ரிம் பிரேக்ல சட்டகம் நேரா ரிம்மைப் பிடிக்குது. பின்சக்கரத்துல நின்னு முன்னும் பின்னும் ஆடும்போது டிஸ்க்ல கட்டை காலிப்பருக்குள்ள அரை மி.மீ. 'டிக் டிக்'னு நகரும். அது நிக்கிறதுக்குக் குறை இல்ல, ஆனா ரிம் பிரேக்ல பழகினவங்களுக்குக் கால் அடியில பூமி நகர்ந்த மாதிரி இருக்கும். மழையில டிஸ்க்தான் மேல், அதுல சந்தேகமே இல்ல.

இவர் வண்டியில நாலு போல்ட் மவுன்ட் இருக்கு, நல்ல பிரேக் இருக்கு. கிரைண்ட் பண்ணினாப் போதும். சொல்றேன்.

டயர், டியூபைக் கழற்றுங்க. செயினையும் கழற்றுங்க, இல்லைன்னா சக்கரத்தைப் பின்னால சுத்தினா கிராங்க்கும் சேர்ந்து சுத்தி முட்டியில அடிக்கும். கட்டைகளை எடுத்துடுங்க. ஹப் பேரிங்கைத் துணியால சுத்தி டேப் போடுங்க. முதல்ல ரிம்மைக் கோட்டம் (பக்கவாட்டு நெளிவு) எடுங்க, அரை மி.மீ.க்குள்ள வரணும். கிரைண்ட் பண்ணினப்புறம் கோட்டம் எடுத்தா பாதி ரிம் ஆழமாவும் பாதி லேசாவும் இருக்கும்.

100 மி.மீ. ஆங்கிள் கிரைண்டர், புதுசான அரைக்கும் கல். இரும்பு அரைச்ச கல் வேண்டாம், இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு துருப்பிடிக்கும். கண்ணாடி, கையுறை, முகமூடி மூணும் கட்டாயம். கல்லோட ஓரத்தை ரிம் மேல சாய்வா வெச்சு, அழுத்தாம, மெஷினோட எடையைக்கூடத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, தொட்டுத் தொட்டு எடுக்கணும். அம்மி கொத்துற மாதிரி: நெருக்கமா, ஆழமில்லாம, ஒரே சீரா. கோடுகளுக்கு நடுவுல பளபளப்பு தெரியக்கூடாது. நகத்தால தடவினாச் சொரசொரன்னு பிடிக்கணும், ஆனா பள்ளம்னு கண்ணுக்குத் தெரியக்கூடாது. அலுமினியம் கல்லுல ஒட்டி அடைச்சுக்கும். அப்ப சத்தம் மாறும், கோடு வழுவழன்னு விழும், கல்லை மாத்துங்க.

ஆழமாக் கொத்தினாப் பிடிப்பு கூடும்னு நினைக்கிறது தப்பு. கட்டையைத்தான் வேகமாத் தின்னும், ரிம் சுவரு மெலியும். சுவரு மெலிஞ்ச ரிம் டயர் காத்தழுத்தத்துல ஓரமா விரியும். நெருக்கமான லேசான கொத்துதான் நல்லாப் பிடிச்சு, விடும்போது சுத்தமா விடும்.

முடிஞ்சதும் விளிம்புல நிக்கிற பிசிறை அரத்தால எடுங்க, இல்லைன்னா டியூபைக் கிழிக்கும். சோப்புத் தண்ணியில கழுவி, ஆல்கஹால் போட்டுத் துடைங்க. முதல் நாள் சத்தமும் தூளும் அதிகமா இருக்கும், அது அடங்கிடும்.

#14 சறுக்குப்பாறை

கிரைண்ட் இல்லாமல் வழவழ ரிம்மில் தார் தேய்ப்பது?

#15 கல்லேறி

காய்ஞ்ச நாள்ல அருமையாப் பிடிக்கும். சின்னத் தார் கட்டியை ரிம்மில ரெண்டு மூணு இடத்துல லேசா இழுத்து, பிரேக் பிடிச்சுப் பரப்பினாப் போதும். நனைஞ்சா நம்ப முடியாது, வெயில்ல இளகும், அலறல் தெருமுனை வரைக்கும் கேட்கும். கொத்தின ரிம்மில மட்டும் தார் வைக்காதீங்க. கோட்டுக்குள்ள அடைச்சுக்கும், அப்புறம் ரெண்டு குணமும் இல்லாமப் போயிடும்.

#16 எண்ணெய்த்துளி

கட்டை பொருத்துவதையும் முடித்துவிடலாம். பழைய கட்டையின் முகம் கண்ணாடி போல இருந்தால் முரட்டு அரத்தால் அதை எடுங்கள். கவ்விப் போல்ட்டுகளைச் சிலிண்டர் நகரும் அளவு தளர்த்தி, லீவரைப் பிடித்து ரப்பர் பட்டையால் கட்டுங்கள். கட்டை தானே ரிம்முக்கு இணையாக உட்காரும். மேல் ஓரம் டயரைத் தொடாமல் ஒரு மி.மீ. கீழே, கீழ் ஓரம் ரிம்மை விட்டுத் தொங்காமல். அந்த நிலையிலேயே மேல் போல்ட், கீழ் போல்ட் என்று மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுதாக இறுக்கினால் சிலிண்டர் திரும்பிவிடும். லீவரை விட்டபின் இரண்டு பக்கமும் ஓர் ஏடிஎம் கார்டு நுழைந்து லேசாக ஆட வேண்டும். கார்டின் கனம் முக்கால் மி.மீ., ஆக இடைவெளி ஏறக்குறைய ஒன்று.

இதையும் பாருங்கள்: பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, விரலைக் கவ்விக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வையுங்கள். சிலிண்டர் கவ்விக்குள் அசைந்தால் விரலுக்குத் தெரியும். ஒரு சுற்று மெல்லிய அலுமினியப் பட்டை வைத்து மூடினால் போய்விடும்.

#17 முன்சக்கரம்26

பத்து நிமிஷச் சோதனையில லீவர் அசையலை, அப்ப வழுக்குறது ரிம்தான். பூஸ்டர் போல்ட் ஒன்னு விரலாலயே சுத்துது. வாரக் கடைசியில கிரைண்ட், காத்தெடுக்கிறது ரெண்டும். முன்டிஸ்க் பத்திக் கடைசியா ஒன்னு: கட்டை புதுசு போட்டா இந்த வண்டியில எப்படிப் பழக்கறது? வேகமே போறதில்லையே.

#18 டிஸ்க்பக்கம்

சரிவு ஒன்று தேடுங்கள். ஓடும் வேகத்தில் இறங்கி, முன்பிரேக்கால் மட்டும், சக்கரம் பூட்டாமல், கிட்டத்தட்ட நிற்கும்வரை இழுத்து விடுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். முப்பது தடவை. பத்துக்குப் பிறகே பிடிப்பு ஏறுவது விரலில் தெரியும். பழக்காமலே நேராகப் பாறைக்குப் போனால் கட்டை அரைகுறையாகவே நின்றுவிடும், ஏனென்றால் ட்ரயல்ஸ் ஓட்டத்தில் பிரேக் ஒருபோதும் அந்த அளவு சூடாவதில்லை.

செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பிறகு வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் முழுதாகத் துடையுங்கள். ஸ்ப்ரே டப்பாவை இந்த வண்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். டிஸ்க்கும் சரி, புதிதாகக் கொத்திய ரிம்மும் சரி, ஒரு தூறல் பட்டால் போச்சு. ரிம்மையாவது ஆல்கஹால் போட்டு மீட்கலாம், எண்ணெய் குடித்த டிஸ்க் கட்டையை மீட்க முடிவதில்லை.

#19 கல்லேறி

பூஸ்டர் போல்ட்டைப் பூட்டும்போது மரைப் பசை, நீலம், ஒரு சொட்டு. நத்தை கேம் போல்ட், பாஷ் ரிங் போல்ட் ரெண்டையும் அன்னைக்கே பாருங்க. அதுக்கப்புறம் அந்த மார்க்கர் கோடுகளை அழிக்காம விட்டுவைங்க. ஓட்டப் போற ஒவ்வொரு நாளும் சுவர்ல முட்டி பத்து அமுக்கு அமுக்கி, கோட்டைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.